ஒளியும் புகையும்: கொழும்பு மின்வழங்கலின் இரு கணக்குகள்

மின்சாரம் ஒரு நகரத்துள் புகுந்த வரலாறு பெரும்பாலும் ஒளியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதல் விளக்கு எரிந்த நாள், முதல் ட்ராம் வண்டி ஓடிய நாள், முதல் மின்னிலையம் திறக்கப்பட்ட நாள் என்பனவே அதில் இடம்பெறுவன. அவ்வொளியைப் பிறப்பித்த எரிபொருள் எங்கே எரிந்தது, அதன் புகை எவர்மீது படிந்தது, அதற்குப் பொறுப்புக் கூறியவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கொழும்பைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. இந்நகரில் மின்சாரத்தை விற்கும் அமைப்பு கம்பனியாகவும், அரசாங்கத் திணைக்களமாகவும், சபையாகவும் மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வரவும் செலவும் நுணுகி ஆராயப்பட்டன. புகை மட்டும் எவருடைய ஏட்டிலும் பதியப்படாது நீண்டகாலம் வெளியே நின்றது.

கம்பனியின் காலம்

1895ஆம் ஆண்டில் பூஸ்டட் சகோதரர்கள் என்னும் வணிக நிறுவனத்தார் கோட்டைப் பகுதியின் பிரிஸ்டல் வீதியில் ஒரு மின்னிலையத்தை நிறுவினர். அந்நூற்றாண்டு முடியுமுன் ட்ராம் வண்டிகளும் மின்வலுவால் ஓடத் தொடங்கின. 1902இல் கொழும்பு மின்சார ட்ராம் மற்றும் விளக்குக் கம்பனி உருவாகி, புறக்கோட்டை எரிவாயு வீதியிலிருந்து நகருக்கு மின் வழங்கியது. கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் துறைமுகமாகக் கொழும்பு விளங்கிய காலம் அது. நிலக்கரிப் புகை நகரத்தின் இயல்பான தோற்றங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது.

இக்கட்டத்தில் மாநகர சபையின் நிலை நோக்கற்பாலது. 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அச்சபை வீதி, வடிகால், குடிநீர், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பாயிருந்தது. மின்பிறப்பாக்கமோ அதன் கையில் இருக்கவில்லை. அதே காலத்துப் பிரித்தானியாவில் மான்செஸ்டர் முதலிய நகரங்களின் சபைகள் தாமே மின்னிலையங்களை நடத்தின. அங்கு விளக்கொளியின் இலாபமும் புகைபற்றிய முறைப்பாடும் ஒரே சபை மண்டபத்தை வந்தடைந்தன. கொழும்பிலோ இலாபம் கம்பனிக்குச் சென்றது. முறைப்பாடு சபைக்குச் சென்றது. இப்பிளவு பின்னர் பல வடிவங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம்.

திணைக்களமும் நீர்வலுவும்

1927இல் அரசாங்க மின்சார முயற்சிகள் திணைக்களம் அமைக்கப்பட்டது. கொழும்பின் மின்வழங்கல் அரசின் கைக்கு மாறியது. மாநகர எல்லைக்கு அருகே கொலன்னாவையில் ஸ்டான்லி மின்னிலையம் 1929இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் இலண்டனில் பாற்றர்சீ மின்னிலையம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பொதுமக்களின் எதிர்ப்புக் காரணமாக அதன் புகையை நீரால் கழுவியே வெளியேற்ற வேண்டுமென நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒரே பேரரசின் இரு நகரங்களுள் ஒன்றில் புகைக்கு நிபந்தனை இருந்தது. மற்றதில் அத்தகைய விதி எதுவும் ஏற்படவில்லை.

ஆயினும் இலங்கைக்கு இயற்கை வேறொரு வழியைத் திறந்து வைத்திருந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படித்த ஆய்வுரையில், மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்வலுவைப் பெறுவதன் பொருளாதாரத்தை விளக்கினார். அவர் முன்வைத்த வாதம் அடிப்படையில் செலவு பற்றியது. இறக்குமதி எரிபொருளின் தளையிலிருந்து நாட்டை விடுவிப்பது பற்றியது. தூய காற்று அதன் உடன்விளைவாகக் கிடைக்கவிருந்த நன்மையாகும். பல தடங்கல்களின் பின் 1950இல் 25 மெகாவாட் கொண்ட லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கொழும்பு பெரும்பாலும் நீரால் ஒளிபெற்றது. அக்காலத்தில் புகைக்குச் சட்டம் வேண்டுமென்ற நெருக்கடி எழாமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

மாநகர சபைக்கும் மின்சாரத் தொழிலில் ஒரு முறை நேரடிப் பங்கு கிடைத்தது. 1944இல் ட்ராம் சேவை அதன் உடைமையாயிற்று. கிராண்ட்பாஸ், பொரளை ஆகிய இடங்களைக் கோட்டையுடன் இணைத்த ட்ராம் வண்டிகள் 1960இல் நின்றன. 1953இல் வந்த துரொலி பஸ்களும் 1964இல் மறைந்தன. இவற்றின் இடத்தை டீசல் பஸ்கள் நிரப்பின. வீதியில் புகை கக்காத வாகனம் என்பது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஒரு வரவாகக் கணிக்கப்படவில்லை. கணக்கில் இடம்பெறாத நன்மை கைவிடப்படும்போது, அதனை இழப்பென்று சொல்வாரும் இரார் என்பதற்கு இஃதொரு சான்று.

களனிக் கரையின் புகைபோக்கிகள்

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை மின்சார சபை தோற்றம் பெற்றது. திறமையும் ஒருங்கிணைப்பும் சிக்கனமும் வாய்ந்த மின்வழங்கலைப் பேணுவதே அதற்கு விதிக்கப்பட்ட தலையாய கடமை. ‘சிக்கனம்’ என்னும் இச்சொல் பின்வந்த வரலாறு முழுவதையும் ஆள்கின்றது.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால், கிராண்ட்பாஸை அடுத்துக் களனி கங்கைக் கரையில் களனிதிஸ்ஸ மின்னிலையம் அமைந்துள்ளது. 1960களில் அங்கு தலா 25 மெகாவாட் கொண்ட இரு நீராவி அலகுகள் நிறுவப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் தலா 20 மெகாவாட் கொண்ட ஆறு வாயுச் சுழலிகள் சேர்ந்தன. மழை பொய்க்கும்போது மட்டும் கைகொடுக்கும் துணையாகவே இவை எண்ணப்பட்டன. ஆனால் 1996ஆம் ஆண்டின் வரட்சி நாடெங்கும் நீண்ட மின்வெட்டைக் கொணர்ந்தது. அதன்பின் எண்ணெயில் இயங்கும் நிலையங்கள் விரைந்து பெருகின. சப்புகஸ்கந்தவில் தனியார் டீசல் நிலையம் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகத்தில் மிதவையொன்றின் மீது 60 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. களனிதிஸ்ஸவிலும் ஒன்றிணைந்த வட்ட முறையிலான பெரிய அலகுகள் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்தன.

இவ்விடத்தில் காற்றின் போக்கும் கருதத்தக்கது. மேற்கு மலைச்சரிவின் நீர்த்தேக்கங்கள் தென்மேல் பருவக்காற்றின் மழையால் நிரம்புவன. ஆண்டின் முதன் மாதங்களில் அவற்றின் நீர் குறையும். எண்ணெய் நிலையங்கள் மிகுதியாக இயங்க வேண்டிவரும். அம்மாதங்களில்தான் வாடைக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. தென்மேல் காற்று புகையை நகருக்கு அப்பால் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல, வாடையோ அதனைக் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் அடங்கிய வட கொழும்பின் மீது தள்ளுகின்றது. புகை மிகும் பருவமும் அது குடியிருப்பை நோக்கித் திரும்பும் பருவமும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவுகின்றன.

நகரின் தென்கோடியில், அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில், வெள்ளவத்தை உள்ளது. 1980களின் பின் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் அங்கு குடியேற, அடுக்குமாடி வீடுகள் பெருகின. மின்தூக்கியும் நீரேற்றும் பம்பியும் அவ்வாழ்வின் இன்றியமையாத் தேவைகளாயின. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் மின்கட்டண வீதம் ஒன்றே. மின்னிலையத்தின் புகை ஒன்றன்று. அதே வேளை வெள்ளவத்தையும் முற்றாகத் தப்பிவிடவில்லை. மின்வெட்டு நேரும்போது காலி வீதிக் கடைகளின் முன் சிறு மின்பிறப்பாக்கிகள் இயங்கும். அவற்றின் புகை, உயர்ந்த புகைபோக்கி எதுவுமின்றி, நடைபாதையில் செல்வோரின் மூக்கு மட்டத்திலேயே பரவும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. மின்வழங்கல் முறிந்தால் புகை ஓய்வதில்லை; அது வாசலுக்கு இடம்மாறுகின்றது.

சட்டத்தின் தாமதம்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. 1988ஆம் ஆண்டின் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் புகுத்தியது. 1994இல் சூழற்காற்றின் தரத்துக்கு எல்லைகள் வகுக்கப்பட்டன. 2008இல் அவை திருத்தப்பட்டு, நுண்துகள்களுக்கும் அளவு குறிக்கப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். சூழற்காற்றின் தரம் என்பது மக்கள் சுவாசிக்கும் காற்றில் இருக்கத்தக்க மாசின் அளவு. வெளியேற்ற எல்லை என்பது ஒரு குறித்த புகைபோக்கியிலிருந்து வெளிவரத்தக்க மாசின் அளவு. முன்னது மட்டும் இருந்து பின்னது இல்லாவிடின், காற்று கெட்டிருப்பதை அளக்கலாம்; கெடுத்தவரைச் சுட்ட இயலாது. கந்தகவீரொட்சைட்டு மின்னிலையத்திலிருந்து வந்ததா, கப்பலிலிருந்து வந்ததா, பஸ்ஸிலிருந்து வந்ததா என்னும் விவாதம் முடிவின்றி நீளும். தனித்தனி உரிமங்களில் நிபந்தனைகள் விதிக்க வழி இருந்தது உண்மையே. எனினும் மின்னிலையம் முதலிய நிலையான மூலங்கள் அனைத்துக்கும் பொதுவான வெளியேற்ற விதிகள் 2019இல்தான் வர்த்தமானியில் வெளியாகின. மேல் மாகாணத்தில் வாகனப் புகைப் பரிசோதனை 2008இலேயே தொடங்கிவிட்டது. அவ்வகையில், கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர் ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ் பெற வேண்டியவரானார். பெரும் புகைபோக்கிகளுக்கான பொதுவிதி அவருக்குப் பதினோராண்டுகள் பின்தங்கியே வந்தது.

இத்தாமதத்தின் காரணம் வணிகக் கணக்கிலேயே உள்ளது. கந்தகம் மிகுந்த உலையெண்ணெய் மலிவானது. கந்தகம் குறைந்த எண்ணெய் விலை கூடியது. புகையைக் கழுவும் கருவிக்கு முதலீடும் பராமரிப்பும் வேண்டும்; அது மின்வலுவிலும் ஒரு பங்கை உண்ணும். கட்டணத்தை உயர்த்த அரசாங்கங்கள் அஞ்சின. கட்டணம் செலவை ஈடுசெய்யாத சபை கடனில் ஆழ்ந்தது. கடனில் ஆழ்ந்த நிறுவனத்திடம் புகைக்கும் செலவிடுமாறு கேட்பது எளிதன்று. 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கட்டணத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் மேற்பார்வைக்கு உட்படுத்தியது. புகை சுற்றாடல் அதிகாரசபையிடமே இருந்தது. விலையை ஆராய்வோரும் மாசை ஆராய்வோரும் வெவ்வேறு மேசைகளில் அமர்ந்தனர். கம்பனிக் காலத்துப் பிளவு புதிய உருவில் தொடர்ந்தது.

சட்டம் இருப்பதே போதும் என்பதும் பொருந்தாது. இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இலேயே வந்தது. அனல் மின்னிலையங்களுக்கான கடுமையான எல்லைகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோதிலும், அவற்றை நிறைவேற்றும் தவணை பலமுறை நீடிக்கப்பட்டது. இலங்கையிலோ சுன்னாகம் வேறொரு பாடத்தைத் தந்தது. அங்கு தனியார் மின்னிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரை மாசுபடுத்தியமை தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென்னும் கோட்பாட்டின்படி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. கிணற்று நீரில் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. கிணற்றுக்கு உரிமையாளரும் இருந்தார். காற்றுக்கு உரிமையாளர் இல்லை. ஆகவேதான் காற்றின் பொருட்டு வழக்காடுவோருக்கு முன்னரே விதி பேச வேண்டியுள்ளது.

2024ஆம் ஆண்டின் சட்டம் மின்சார சபையின் பணிகளைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்க வழிசெய்தது. நிர்வாகம் எவ்வாறு பிரிக்கப்படினும் கொழும்பின் அனுபவம் உணர்த்துவது ஒன்றே. மின்சாரத்தின் விலை உறுதிசெய்யப்படும் அதே இடத்தில், அதே ஏட்டில், அதன் புகையின் விலையும் எழுதப்படல் வேண்டும். அவ்வாறு எழுதப்படாத செலவு இல்லாமற் போவதில்லை. வாடை வீசும் மாதங்களில் வட கொழும்பின் குடும்பங்கள் அதனைச் செலுத்துகின்றன. அதற்குப் பற்றுச்சீட்டுத் தருவார் மட்டும் எவருமிலர்.