நாக்கு இலையும் எங்க ஊர் கரண்ட்டும்

நேத்து மத்தியானம் செட்டியார்பட்டியில் கரண்ட் போச்சு. நைட்டி தைக்கிற மிஷின் சத்தமெல்லாம் கப்புனு நின்னுடுச்சு. பக்கத்து வீட்டுப் பொடியன், "மாமா, கரண்ட் எங்கேருந்து வருது?"ன்னு கேட்டான். தூத்துக்குடியில் கரியை எரிச்சு எடுக்கறாங்கன்னேன். "கரி எங்கேருந்து வருது?" மாட்டிக்கிட்டேன்!

தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்ச்சர் பக்கத்து நிலக்கரி கப்பலில் வருது. அந்தக் கரி ஒரு காலத்தில் காடு. அந்தக் காட்டில் நிறைஞ்சு நின்ன மரம் குளோசாப்டெரிஸ். சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன்னால் தோன்றி, 25 கோடி வருஷத்துக்கு முன்னால் பூண்டோடு அழிஞ்சு போனது. மிஞ்சினது கரியும், பாறையில் பதிஞ்ச இலைகளும்தான். இலை நாக்கு மாதிரி இருக்கும். இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைச்ச இலைகளை வச்சு, 1828ல் பிராங்கினியார் என்ற பிரெஞ்சுக்காரர் 'நாக்குப் பெரணி' என்ற அர்த்தத்தில் இந்தப் பேரை வச்சார். அது பெரணியே இல்லை, விதைத் தாவரம் என்பது பிறகுதான் தெரிஞ்சது.

இங்கேதான் சிக்கல். ஒரே இலை இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியான்னு எப்படிப் பரவும்? இந்த நிலமெல்லாம் முன்னே ஒண்ணா இருந்திருக்கணும்னு சொன்ன எட்வர்ட் சூயஸ், 1885ல் அதுக்கு கோண்டுவானா நிலம்னு பேர் வச்சார். நம்ம கோண்டு மக்களின் நாட்டுப் பேர்தான்!

அடுத்த சாட்சி அண்டார்டிகாவில் கிடைச்சது. 1912 பிப்ரவரியில் தென் துருவத்திலிருந்து தோத்துத் திரும்பின ஸ்காட் குழு, பியர்ட்மோர் பனியாற்றுப் பக்கம் கல் பொறுக்கினாங்க. பசி, குளிர், பனிக்கடி. ஆனாலும் சுமார் 16 கிலோ கல்லைக் கடைசி வரை வீசவில்லை. நவம்பரில் அவங்க கூடாரத்தைத் தேடிக் கண்டுபிடிச்சப்போ, உடல்களோட கல்லும் இருந்தது. கேம்பிரிட்ஜில் சீவார்ட் ஆராய்ஞ்சு 1914ல் அறிவிச்சார்: குளோசாப்டெரிஸ் இண்டிகா. ஆமா, 'இண்டிகா'. நம்ம ஊர் பேர்!

அந்த சீவார்டிடம் படிச்சவர்தான் பீர்பால் சாஹ்னி. ரெண்டு பேரும் சேர்ந்து 1920ல் இந்திய கோண்டுவானா தாவரங்களை மறுபடி அலசினாங்க. லக்னோவில் சாஹ்னி தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனக் கட்டடத்துக்கு 1949 ஏப்ரல் 3ல் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில் சாஹ்னி போய்ச் சேர்ந்தார்.

சாகிற நேரத்திலும் சிலர் கீழே போடாத இலை. நாம அதை டன் கணக்கில் கொளுத்திட்டு, ஃபேன் சுத்தலைன்னு திட்டறோம்.

இத்தனையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கரண்ட் வந்துடுச்சு. பொடியன் டிவி பார்க்க ஓடிட்டான்.