நற்காட்சியும் நல்லொழுக்கமும்: காஞ்சி தந்த அளவு விரதம்

பெரிய காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, தறியோசை கேட்கும் பிள்ளையார்பாளையத்தைக் கடந்து சென்றால், வேகவதி ஆற்றங்கரையில் திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உள்ளது. சைவர்க்குச் சிவகாஞ்சியும் வைணவர்க்கு விஷ்ணுகாஞ்சியும் போலத் தமிழ்ச் சமணர்க்கு இவ்வூரே ஜினகாஞ்சி. பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி முனிவர்க்குப் பல்லவ மன்னன் ஊரொன்றைப் பள்ளிச்சந்தமாக வழங்கியதைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கும் அங்குத் திகம்பரர் பலர் வாழ்ந்ததைக் குறித்துள்ளார். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேன முனிவரின் விருப்பப்படி 1387இல் எடுப்பித்தார். ஊரின் பெயரில் பருத்தி விளங்குகிறது. அதனை அடுத்த பெருநகரின் புகழோ பட்டினால் வந்தது.

பட்டும் கொல்லாமையும்

கூட்டினுள் உறங்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் இழை அறுந்துவிடும். ஆகவே அது வெளிவருமுன் வெப்பத்தினால் கொல்லப்படுகிறது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ ஏழெட்டுக் கிலோ கூடுகள் வேண்டும்; எண்ணிக்கையில் அவை பல ஆயிரம். இச்செய்தி மறைபொருள் அன்று. பெரிய காஞ்சிபுரத்தில் பீடம் அமைந்த காமகோடி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், பட்டு உடுத்துவதைக் கைவிடுமாறு தம் அன்பர்களுக்குப் பலகாலும் அறிவுறுத்தி வந்தார். பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து இழை எடுக்கும் 'அகிம்சைப் பட்டு' முறையை ஆந்திரத்தைச் சேர்ந்த குசும ராஜையா உருவாக்கினார். ஆயினும் அடியவர் இல்லத் திருமணங்களில் பட்டு குறையவில்லை. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் சமணர் இல்லங்களும் இதற்கு முழு விலக்கல்ல. கொல்லாமையில் ஐயம் கொண்டோர் அவருள் ஒருவரும் இலர். ஐயமில்லாத நம்பிக்கைக்கும் அன்றாட வழக்கத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது, இன்றும் இருக்கிறது.

இன்றைய இடைவெளி

அதே இடைவெளி காலநிலை மாற்றத்திலும் தோன்றுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்திற்கு 280 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. 1988இல் அமைக்கப்பட்ட பன்னாட்டு அறிஞர் குழு இதன் விளைவுகளைத் தொடர்ந்து எடுத்துரைத்து வருகிறது. 2015இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. 2019இல் சென்னைக்குச் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. ஒவ்வொரு வெள்ளத்தையும் ஒவ்வொரு வறட்சியையும் காலநிலை மாற்றத்தின் கணக்கிலேயே எழுதுதல் முறையன்று. எனினும் வெப்பம் பெருகுவதை இன்று மறுப்பார் அரிது. மறுக்காதவரே அடுத்த தெருவுக்கு வண்டியில் செல்கின்றனர். ஆளில்லா அறையில் குளிர்சாதனத்தை ஓடவிடுகின்றனர். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரியில் தடை விதித்தது. பின்னர் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்க வேண்டியதாயிற்று. அறிவும் ஆணையும் மட்டும் பழக்கத்தை மாற்றிவிடா என்பதற்கு இது அண்மைச் சான்று.

ஆசாரியர் கண்ட வழி

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என மும்மணிகளைத் தனித்தனியே எண்ணிய முன்னோர், காட்சி உண்டானவுடன் ஒழுக்கம் தானே வந்துவிடும் என்று கருதவில்லை. காஞ்சியோடு மரபு இணைத்துப் போற்றும் சமந்தபத்திராசாரியர், இல்லறத்தார்க்கென்றே இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். அதன் வழிவந்த தமிழ்நூல் அருங்கலச்செப்பு. கொல்லாமை முதலிய ஐந்து அணுவிரதங்களைக் காக்கும் வேலியாகக் குணவிரதங்கள் மூன்றினை ஆசாரியர் வைத்தார்.

முதலாவது திசைவிரதம்: எத்திசையில் எவ்வளவு தொலைவு செல்வது என்று எல்லை வகுத்துக்கொள்ளுதல். இரண்டாவது, பயனின்றித் தீங்கு செய்வதை விலக்கும் அனர்த்ததண்ட விரதம். வீணே நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல், காரணமின்றித் திரிதல் ஆகியவற்றை ஆசாரியர் இதன்கண் அடக்குகிறார். மூன்றாவது, நுகர்பொருளுக்கு அளவு வகுக்கும் போகோபபோக பரிமாணம். உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, ஆடை, அணி என அளவுக்குரியவை பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன. காலமும் சுட்டப்படுகிறது: இன்று, பகல், இரவு, பக்கம், திங்கள், பருவம், அயனம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையோடு ஏற்பது நியமம்.

இவ்வகுப்பில் மனித இயல்பை அறிந்த ஆசிரியரின் நுட்பம் புலப்படுகிறது. 'நீரை வீணாக்கேன்' என்பது விருப்பம். 'இத்திங்கள் முழுதும் இத்தனை குடம் நீரில் நீராடுவேன்' என்பது விரதம். முன்னது தவறினும் தவறியது தெரியாது. பின்னது தவறினால் அன்றே தெரியும், கழுவாயும் தேடலாம். வாழ்நாள் முழுதும் என்றால் அஞ்சும் மனம், ஒரு பக்கத்திற்கு என்றால் இசையும்.

வழக்கமாகிய விரதங்கள்

இவ்வழி பயன் தந்ததற்குத் தமிழ்ச் சமணர் இல்லங்களே சான்று. நீரை வடிகட்டிப் பருகுதலும் இரவில் உண்ணாமையும் எத்தனையோ தலைமுறைகளாகக் காக்கப்பட்டு வந்துள்ளன. குடத்தின் வாயில் கட்டிய ஒரு துண்டுப் பருத்தித் துணியும், கதிரவன் மறையும் பொழுதும் அவ்வறங்களுக்கு அடையாளமாயின. குழந்தை காரணம் அறியுமுன்னரே செயலைக் கற்றது. வீடு முழுதும் ஒன்றாக நோற்றதால் தனியொருவர் தளரவில்லை. பட்டுக்கு அத்தகைய எல்லை வீட்டில் வகுக்கப்படவில்லை. ஆதலால் அங்கு நம்பிக்கை நம்பிக்கையாகவே நின்றது.

தறியை நம்பி வாழும் பிள்ளையார்பாளையத்து நெசவாளரைப் பழிப்பதால் இவ்விடைவெளி நீங்காது. உடுப்போர் விருப்பத்தையே தறி நெய்கிறது. ஆலைகளும் அரசுகளும் ஆற்றவேண்டிய கடமையைத் தனியொருவர் நோன்பு ஈடுசெய்துவிடும் என்பதும் இல்லை. எனினும் நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை ஓரறிவுயிர்களின் உடலாகக் கண்ட நெறிக்கு, அவற்றை அளவறிந்து பயன்படுத்துதல் புதிய கடமையன்று, பழைய விரதமே.

விழா நாளில் ஆலயத்தில் கூடும் குடும்பங்கள், அடுத்த விழா வரை ஒரு நியமம் ஏற்கலாம். நடந்து செல்லத்தக்க தொலைவுக்கு ஊர்தி நாடாமை, மின்விசிறி போதும் இரவுகளில் குளிர்சாதனம் விலக்கல், இல்லத்தின் அடுத்த திருமணத்தில் பருத்தியோ அகிம்சைப் பட்டோ உடுத்தல் ஆகியவற்றுள் ஒன்றே போதும். அளவும் காலமும் குறித்து, இல்லத்தார் அறிய, அருகன் திருமுன் அதனை ஏற்றல் வேண்டும். ஜினகாஞ்சியின் ஆசாரியர் இல்லறத்தார்க்கு வகுத்த வழி அதுவே.