இரண்டு ஈக்கள், ஒரு பெயர்: அமெரிக்கத் திருகுப்புழு ஒழிப்பின் வரலாறு

ஆட்டுக்கோ மாட்டுக்கோ புண்ணில் புழு வைத்துவிட்டால் நம் ஊர்ப்பக்கம் சீத்தா இலையை அரைத்துக் கட்டுவார்கள், வேப்பெண்ணெய் ஊற்றுவார்கள். எந்த ஈயின் புழு அது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை; புழு வெளியே வந்தால் போதும். ஆனால் ஒரு கண்டத்திலிருந்தே அந்த ஈயைத் துரத்த வேண்டும் என்று வரும்போது, ‘எந்த ஈ’ என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்கக் கண்டத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஏறத்தாழ 75 ஆண்டுகள் ஆயின. கதிர்வீச்சால் கிடைத்த வெற்றியாகவே இந்த வரலாற்றைப் பலரும் சொல்கிறார்கள். கதிர்வீச்சுக்கு முன்னால் நடந்த பெயர்த் திருத்தம்தான் அதன் திருப்புமுனை என்பது என் கருத்து.

உயிருள்ள திசுவில் ஈப்புழு வளர்வதை மருத்துவம் ‘மையாசிஸ்’ என்கிறது. ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஃபிரெடரிக் வில்லியம் ஹோப் 1840-இல் உருவாக்கிய பெயர் இது. பிரெஞ்சு கயானாவின் கயேன் பகுதி பிரான்ஸ் தன் கைதிகளை நாடு கடத்திய இடம். அங்கே மனிதரின் மூக்கிலும் நெற்றி எலும்பின் குழிகளிலும் வளர்ந்த புழுக்களைப் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் சார்லஸ் கோக்கெரெல் ஆராய்ந்தார். 1858-இல் அவற்றின் ஈக்கு ‘ஹோமினிவோராக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘மனிதரை விழுங்குவது’ என்பது அதன் பொருள். சற்று மிகைதான், இந்த ஈயின் பெரும் பலி மனிதர்கள் அல்ல, மாடுகளும் ஆடுகளும்.

கோக்கெரெலின் பெயர் வெகுநாள் நிலைக்கவில்லை. ஃபாப்ரிசியஸ் 1775-இலேயே பெயரிட்டிருந்த ‘மாசெல்லாரியா’ என்னும் ஈ, பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்: அதே நீலப்பச்சை மினுமினுப்பு, முதுகில் அதே மூன்று கருங்கோடுகள். ஆகவே இரண்டும் ஒன்றே என்று அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். உண்மையில் மாசெல்லாரியா பெருகுவது செத்த உடலில். ஏற்கெனவே அழுகத் தொடங்கிய புண்ணுக்கு அதுவும் வந்து சேரும் என்பதால் குழப்பம் இன்னும் கெட்டிப்பட்டது. ஹோமினிவோராக்ஸோ உயிருள்ள, சூடான சதையில் மட்டுமே வளரும். ஒரு பெண் ஈ புண்ணின் ஓரத்தில் 200 முதல் 300 முட்டைகள் இடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். புழுக்கள் தலைகீழாக நின்று, திருகாணி மரத்தில் இறங்குவது போலச் சதைக்குள் இறங்கும்; ‘திருகுப்புழு’ என்ற பெயருக்கு அதுவே காரணம். ஏறக்குறைய ஒரு வாரம் தின்ற பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகும்.

இரண்டையும் ஒன்றாக எண்ணியதன் விளைவு நடைமுறையில் தெரிந்தது. கால்நடைப் பிணங்களை எரிக்கச் சொன்னார்கள், ஈப்பொறிகள் வைத்தார்கள். பொறியில் ஈக்கள் குவியல் குவியலாக விழத்தான் செய்தன. அவற்றில் பெரும்பாலானவை மாசெல்லாரியா. உயிருள்ள கன்றின் தொப்புள் புண்ணில் வளர்ந்த எதிரிக்கு இவற்றால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவருக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. வால்டர் ஸ்காட் பேட்டன் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கிண்டி கிங் நிலையத்தில் பூச்சிகளையும் நோய்களையும் ஆராய்ந்தவர். ஃபிரான்சிஸ் கிராக்குடன் சேர்ந்து அவர் எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூல் 1913-இல் வெளிவந்தது. புண்ணில் புழுவாக வளரும் ஈக்கள் அவருடைய நீண்டகால அக்கறை. இந்தியாவிலும் உயிருள்ள சதையை மட்டுமே நாடும் ஓர் ஈ இருக்கிறது: 1914-இல் பெயரிடப்பட்ட ‘கிரைசோமியா பெசியானா’. மூக்கில் புழு வைப்பதை ஆங்கிலேய மருத்துவர்கள் ‘பீனாஷ்’ என்று எழுதினார்கள். நம் சித்த மருத்துவத்தில் பீனிசம் என்று வழங்கும் அதே சொல்தான். இத்தகைய ஈக்களை ஆராய்ந்த அனுபவத்தோடு பேட்டன் பின்னர் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போனார். அங்கே அவரிடம் ஆய்வு செய்ய வந்தவர் அமெரிக்கரான எமரி குஷிங். இருவரும் ஆண் ஈக்களின் இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, இவை இரு வேறு இனங்கள் என்று 1933-இல் நிறுவினார்கள். உயிர்ச்சதை ஈக்கு ‘அமெரிக்கானா’ என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். கோக்கெரெல் 1858-இல் பெயரிட்டது இதே ஈக்குத்தான் என்பது பிறகு தெளிவானதால் பழைய பெயரே மீண்டது. தவறான பொருத்தத்தை உடைக்க வந்தவர்கள் இன்னொரு தேவையற்ற பெயரைச் சேர்த்தது வகைப்பாட்டியலில் அடிக்கடி நடக்கும் வேடிக்கை.

அதே 1933-இல், வறட்சிக்குத் தப்பி மேற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகளோடு இந்த ஈ ஜார்ஜியா, புளோரிடா பக்கம் பரவியது. பிணத்தை எரிப்பதை விட்டுவிட்டு, புண்ணுக்கு மருந்து பூசுவதில் கவனம் திரும்பியது. டைஃபினைலமின் கலந்த கரும்பசை கன்றுகளைக் காப்பாற்றியதே தவிர, காட்டு மான்களின் புண்ணுக்கு யார் பூசுவது?

டெக்சாஸின் ஆய்வுக்கூடங்களில் ரேமண்ட் புஷ்லண்ட் அரைத்த மாட்டிறைச்சி, இரத்தம், தண்ணீர், சிறிது ஃபார்மலின் கலந்த தீனியில் புழுக்களை வளர்க்கக் கற்றார். நாற்றம் சகிக்க முடியாத வேலை. ஆயினும் உயிருள்ள விலங்கு இல்லாமல் ஈயை வளர்க்க முடியும் என்றான பிறகே மற்றதெல்லாம் சாத்தியமாயிற்று. அவருடைய சகா எட்வர்ட் நிப்ளிங் கூண்டு ஈக்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தார்: ஆண் பலமுறை கூடும், பெண் வாழ்நாளில் ஒரே முறைதான். அந்த ஒரு முறையும் மலட்டு ஆணோடு நடந்தால் அவள் இடும் முட்டைகள் அத்தனையும் பொரிக்காமல் போகும். பூச்சிக்கொல்லிக்கு நேர்மாறான கணக்கு இது. ஈக்கள் குறையக் குறைய மீதியைத் தேடிக் கொல்வது பூச்சிக்கொல்லிக்குக் கடினமாகும். மலட்டு ஆண்களை ஒரே அளவில் விட்டுவந்தாலோ, ஒன்பது மலட்டு ஆணுக்கு ஒரு வளமான ஆண் என்றிருந்த விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை அவற்றின் பக்கமே சாயும்.

1930-களின் இறுதியில் பிறந்த இந்த எண்ணத்துக்கு மலடாக்கும் வழி கிடைக்கவில்லை. எக்ஸ் கதிர் பழ ஈயின் மரபுப் பொருளைச் சிதைப்பதை ஹெர்மன் முல்லர் 1927-இலேயே காட்டியிருந்தார். ஆனால் 1950-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் நிப்ளிங்கின் பார்வையை அந்தப் பக்கம் திருப்பியது. புஷ்லண்ட் கூட்டுப்புழுக்களைச் சான் அன்டோனியோவின் ராணுவ மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று எக்ஸ் கதிர் கருவியின் கீழ் வைத்தார். 2,500 ராண்ட்ஜனில் ஆண்கள் மலடாயின, 5,000-இல் பெண்களும். முடிவுகள் 1951-இல் வெளிவந்தன. பின்னர் கோபால்ட்-60 வந்து வேலையை எளிதாக்கியது.

முதல் களச்சோதனை புளோரிடாவின் சானிபெல் தீவில் நடந்தது. ஈக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அருகிலிருந்த கரையிலிருந்து சினையுற்ற பெண் ஈக்கள் பறந்து வந்தபடி இருந்தன. கரையிலிருந்து தொலைவான தீவு ஒன்று தேவைப்பட்டது. வெனிசுலாவுக்கு வடக்கே, ஆடுகள் நிறைந்த, 444 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குராசாவ் தீவு அதற்குப் பொருந்தியது. 1954-இல் சதுர மைலுக்கு வாரம் 400 மலட்டு ஆண்கள் விமானத்திலிருந்து விடப்பட்டன. சில மாதங்களில் தீவில் திருகுப்புழு இல்லை.

அதன் பிறகு வேகம்தான். 1959-இல் அமெரிக்காவின் தென்கிழக்கு விடுபட்டது. 1962-இல் டெக்சாஸின் மிஷன் அருகே, மூர் விமானத் தளத்தில் ஈ உற்பத்தி ஆலை எழுந்தது. 1972-இல் நோய் பெரிதாகத் திரும்பியபோது, எல்லைக்கு அப்பாலும் ஒழிக்காமல் எல்லையைக் காக்க முடியாது என்பது விளங்கியது. மெக்சிகோவோடு அந்த ஆண்டே ஒப்பந்தமானது. 1976-இல் சியாபாஸில் தொடங்கிய ஆலை வாரத்துக்கு 50 கோடி ஈக்களை உற்பத்தி செய்யும் திறன் பெற்றது. 1988-இல் லிபியாவுக்குள் இந்த ஈ நுழைந்தபோது, கடல் கடந்து அந்த ஆலையின் ஈக்களே விமானமேறிப் போயின; 1991 ஏப்ரலுக்குப் பின் அங்கே ஒரு நோயுற்ற விலங்கும் இல்லை. நிப்ளிங்குக்கும் புஷ்லண்டுக்கும் 1992-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மெக்சிகோ 1991-இலும் பனாமா 2006-இலும் விடுபட்டதும், கொலம்பிய எல்லையை ஒட்டிய டேரியன் காட்டில் மலட்டு ஈக்களால் ஓர் அரண் அமைந்தது. சியாபாஸ் ஆலை மூடப்பட்டது. பனாமாவின் ஆலை மட்டும் மிஞ்சியது.

அரண் 2023-இல் உடைந்தது. ஈ தானே பறந்து கடக்கும் தூரத்தைவிட, புண்ணோடு லாரியில் ஏற்றப்பட்ட மாடு கடக்கும் தூரம் அதிகம். கள்ளத்தனமாகக் கடத்தப்படும் மாட்டுக்குச் சோதனையும் கிடையாது. 2024 நவம்பரில் சியாபாஸில் மீண்டும் புழு கண்டது. 2025-இல் அமெரிக்க வேளாண் துறை மலட்டு ஈக்களைப் பறக்கவிட ஒரு புதிய நிலையத்தை அறிவித்தது. அதற்குத் தேர்ந்த இடம், 1962-இன் ஆலை நின்ற அதே மூர் விமானத் தளம்.