கரையிலோ கடலிலோ: 1974ஆம் ஆண்டுப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின் சொல்லாட்சியும் பின்விளைவுகளும்

மலேசியாவின் எண்ணெய் வரலாறு பெரும்பாலும் கிணறுகளின் வரலாறாகவோ தலைவர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. 1910இல் மீரியின் குன்றொன்றில் ஷெல் நிறுவனத்தார் தோண்டிய முதற்கிணறும், 1974இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டதும், அதன் முதல் தலைவராகிய தெங்கு ரசாலி ஹம்சாவின் பங்கும் பாடநூல்களிலேயே இடம்பெற்றுவிட்டன. இவற்றுக்கிடையே, அரசின் சட்ட அலுவலர்கள் செய்த பணி மட்டும் ஏறத்தாழ மறைந்தே கிடக்கிறது. இதில் வியப்பில்லை. சட்ட வரைவாளரின் பெயர் சட்டத்தில் இராது. அவர் எழுதியதை அமைச்சர் முன்மொழிகிறார், நாடாளுமன்றம் நிறைவேற்றுகிறது, மாமன்னர் ஒப்புதல் அளிக்கிறார். வரைவாளர் விட்டுச்செல்வது சொற்களை மட்டுமே. எனவே அச்சொற்களையே வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, 1974ஆம் ஆண்டுப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின் சில தொடர்களை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். அரைநூற்றாண்டுக் காலம் மாநிலங்களும் கூட்டரசும் வழக்காடியது இத்தொடர்களின் மீதுதான் என்பது நம் கருத்து.

சட்டத்திற்கு முன்

இச்சட்டத்தை அதன் முன்வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1954இல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையின்வழிச் சரவாக்கின் எல்லையைக் கண்டத்திட்டின் கடற்படுகைவரை விரித்தது. 1958இல் சரவாக்கில் எண்ணெய்ச் சுரங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1963இல் மலேசியா உருவானபோது இவை யாவும் சரவாக்கின் கைப்பொருளாகவே உடன்வந்தன. தீபகற்பத்தில் 1966இல் கண்டத்திட்டுச் சட்டமும் பெட்ரோலியச் சுரங்கச் சட்டமும் நிறைவேறின. தொடக்கத்தில் அவ்விரண்டும் போர்னியோ மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை.

நிலைமையை மாற்றியது 1969. மே 13 கலவரத்தை அடுத்து நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டு, நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டிருந்த அவ்வாண்டில் வெளியான 7ஆம் எண் நெருக்கடிநிலைச் சட்டம், நாட்டின் கடல் எல்லையை மூன்று கடல் மைலிலிருந்து பன்னிரண்டு கடல் மைலாக உயர்த்தியது. ஆனால், அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. கண்டத்திட்டுச் சட்டம், பெட்ரோலியச் சுரங்கச் சட்டம், தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, சபா சரவாக் மாநிலங்களின் நிலச் சட்டங்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை, கடல் எல்லை என்பது மூன்று கடல் மைலையே குறிக்கும் என்பது அவ்விலக்கு. வெளிநாட்டாரை நோக்கிப் பேசும்போது நம் கடல் பன்னிரண்டு மைல். மாநிலங்களை நோக்கிப் பேசும்போது மூன்றே மைல். அதே ஆண்டில் 10ஆம் எண் சட்டம் 1966ஆம் ஆண்டின் அவ்விரு சட்டங்களையும் சபா, சரவாக்குக்கும் நீட்டித்தது. அவை விவாதத்திற்கு வரும் மன்றமே அன்று திறந்திருக்கவில்லை. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971இல்தான். இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் பல்லாயிரம் கோடி ரிங்கிட் எவரைச் சேரும் என்பதைத் தீர்மானித்த எல்லைக்கோடு, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் வாதாடாமலேயே வரையப்பட்டது.

வரைவாளரின் சிக்கல்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று டாலராக இருந்த விலை, 1974 தொடக்கத்தில் பதினொரு டாலரைக் கடந்தது. சலுகை உரிமம் பெற்ற அயல்நாட்டு நிறுவனங்கள் எண்ணெயை எடுத்து, அரசுக்கு உரிமத்தொகையும் வரியும் செலுத்திவந்த பழைய முறை இனிப் போதாது என்பதில் கோலாலம்பூரில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தோனேசியா 1960களிலேயே உற்பத்திப் பகிர்வு முறைக்கு மாறியிருந்தது. அண்டை வீட்டின் முன்மாதிரி கண்ணெதிரே இருந்தது.

எனினும், கூட்டரசு அரசமைப்பு எளிதான வழியை விட்டுவைக்கவில்லை. ஒன்பதாம் அட்டவணையில் எண்ணெயும் எண்ணெய் வயல்களும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஆனால், சுரங்க அனுமதிகளும் குத்தகைகளும் மாநிலப் பட்டியலுக்கு உரியவை, கூட்டரசின் அதிகாரம் அவற்றுக்கு உட்பட்டது. நிலமோ மாநிலத்தின் உடைமை. மேலும், போதிய இழப்பீடின்றிச் சொத்தைக் கையகப்படுத்தலாகாது என 13ஆம் விதி கூறுகிறது. 'எண்ணெய் அனைத்தும் இன்றுமுதல் கூட்டரசுக்குச் சொந்தம்' என ஒரே வரியில் எழுதியிருந்தால், அவ்வரியே வழக்கு மன்றத்தில் முறிந்திருக்கக்கூடும்.

இதற்கு வரைவாளர்கள் கண்ட தீர்வு நுட்பமானது. சட்டத்தின் 2ஆம் பிரிவு, பெட்ரோலியத்தின் முழு உடைமையும், அதனைத் தேடவும் எடுக்கவும் உள்ள தனியுரிமையும், மலேசியாவின் 'கரையிலாயினும் கடலிலாயினும்', ஒரு நிறுவனத்தைச் சேரும் என அறிவிக்கிறது. ஆனால், அச்சேர்க்கை எப்போது நடைமுறைக்கு வரும்? சட்டத்தின் அட்டவணையில் கண்டுள்ள படிவப்படி ஓர் உரிமை ஒப்படைப்பு ஆவணம் கையெழுத்தாகும்போதுதான். அதாவது, சட்டம் பறிக்கவில்லை. மாநிலமே தன் கையால் எழுதிக் கொடுக்கிறது. கொடுத்தபின் அதனைத் திரும்பப் பெற இயலாது, அது என்றென்றைக்கும் உரியது என்ற வாசகமும் உடனிருக்கிறது. கொடை போன்ற வடிவம், கையகப்படுத்தல் போன்ற விளைவு. சோழர்காலக் கல்வெட்டுகளில் சந்திராதித்தவரை செல்லும் கொடைகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்நடை அந்நியமானதாகத் தோன்றாது. அங்கே கொடுப்பவன் வலியவன். இங்கே பெறுபவன் வலியவன் என்பதே வேறுபாடு.

1974 ஆகஸ்டு 17இல் பெட்ரோனாஸ் பதிவாயிற்று; அக்டோபர் 1இல் சட்டம் நடப்புக்கு வந்தது. சரவாக், திரங்கானு, கிளந்தான் ஆகியவை 1975இல் கையெழுத்திட்டன. சபா மட்டும் தயங்கியது. துன் முஸ்தபா முதலமைச்சராக இருந்தவரை உடன்பாடு எட்டப்படவில்லை. 1976 ஏப்ரல் தேர்தலில் பெர்ஜாயா கட்சி வென்று துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் பொறுப்பேற்றார். ஜூன் 6இல் நிகழ்ந்த விமான விபத்தில் அவரும் அமைச்சர்கள் சிலரும் மாண்டனர். ஜூன் 14இல், புதிய முதலமைச்சர் ஹாரிஸ் சாலே ஆவணத்தில் கையெழுத்திட்டார். எட்டே நாள் இடைவெளி சபா மக்களின் நினைவில் இன்றளவும் உறுத்திக்கொண்டிருப்பது அறிந்ததே. அதன் உட்பொருளை ஊகிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

'ரொக்கத் தொகை'

எழுதிக் கொடுத்ததற்கு மாநிலங்கள் பெற்றது என்ன? 4ஆம் பிரிவின் சொற்கள் இங்குக் கருதற்குரியன. உடைமைக்கும் உரிமைகளுக்கும் ஈடாக நிறுவனம், கூட்டரசுக்கும் 'தொடர்புடைய மாநிலத்திற்கும்', தரப்பினர் தமக்குள் உடன்படும் 'ரொக்கத் தொகை' செலுத்தும் என்கிறது சட்டம். ஐந்து விழுக்காடு என்ற அளவு சட்டத்தில் இல்லை. மாநிலங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் உள்ளது. 'ராயல்டி' என்ற சொல்லும் 4ஆம் பிரிவில் இல்லை. மேடைகளிலும் நாளேடுகளிலும் 'எண்ணெய் ராயல்டி' என்றே ஐம்பது ஆண்டுகளாக நாம் பேசி வருகிறோம். சட்டமோ அச்சொல்லை எடுக்கவில்லை.

இது வெறும் சொல் விளையாட்டன்று. ராயல்டி என்பது அரசனுக்கு உரியது என்னும் பொருளில் பிறந்த சொல். தமிழில் 'இறை' என்னும் சொல் அரசனையும் அவனுக்குரிய வரியையும் ஒருங்கே சுட்டுவதை ஒப்புநோக்கலாம். நிலத்தின் தலைவனுக்கு, அவன் தலைவன் என்பதாலேயே, சேரவேண்டிய பங்கு அது. அச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தால், கடலடி எண்ணெய்க்கு மாநிலமே இறைவன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். 'ரொக்கத் தொகை' என்பதோ ஒப்பந்தத்தால் மட்டுமே நிற்பது. 'தொடர்புடைய மாநிலம்' எது என்பதற்கும் தெளிவான விளக்கம் தரப்படவில்லை. இத்தெளிவின்மை கவனக்குறைவால் நேர்ந்தது என நாம் கருதவில்லை. தெளிவாக எழுதியிருந்தால் ஏதேனும் ஒரு தரப்பு கையெழுத்திட மறுத்திருக்கும். கடலோர மாநிலம் தன் கடலுக்குத் தொகை கிடைக்கிறது என நினைத்தது. கூட்டரசு தன் கடலிலிருந்து தான் மனமுவந்து தருகிறோம் என நினைத்தது. இரு பொருளுக்கும் அந்த ஒரு சொல் இடங்கொடுத்தது.

கட்டுப்படுத்துவோரும் கட்டுப்படுவோரும்

3ஆம் பிரிவின்படி இந்நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டிற்கும் கட்டளைக்கும் உட்பட்டது. கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு வணிக நிறுவனம், எண்ணெயின் உடைமையாளராகவும், பிற நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் வழங்கி மேற்பார்க்கும் ஒழுங்குமுறை அமைப்பாகவும், அவர்களோடு போட்டியிடும் வணிகராகவும் ஒருசேர விளங்கும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று. 1975இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோனாஸுக்கு 'நிர்வாகப் பங்குகள்' வழங்க வேண்டும். இயக்குநர் நியமனத்தில் அத்தகைய பங்கு ஒன்றுக்கு ஐந்நூறு வாக்குகள் என்றது அது. அயல்நாட்டு முதலீட்டாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1976இல் ஷெல், எஸ்ஸோ நிறுவனங்களுடன் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின; 1977இல் நிர்வாகப் பங்கு விதி நீக்கப்பட்டது. சட்டத்தில் பின்வாங்கிய அரிய தருணம் இது. மாநிலங்களுக்கு அத்தகைய பேரவலிமை இருக்கவில்லை.

சொற்கள் வழக்காதல்

கால் நூற்றாண்டுக் காலம் தொகை ஒழுங்காகச் சென்றதால் வினா எழவில்லை. 1999 தேர்தலில் திரங்கானு பாஸ் கட்சியின் கைக்கு மாறியது. 2000ஆம் ஆண்டில் மாநில அரசுக்குச் செலுத்தப்பட்ட தொகை நிறுத்தப்பட்டு, 'வாங் எசான்' எனப்படும் நல்லெண்ணத் தொகையாகக் கூட்டரசு அமைப்புகளின்வழிச் செலவிடப்பட்டது. மாநில அரசு வழக்குத் தொடுத்தது. எண்ணெய் வயல்கள் மூன்று மைலுக்கு அப்பால் உள்ளன. ஆதலால் அவை மாநிலத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதே கூட்டரசு தரப்பின் வாதம். 1969இன் எல்லைக்கோடும் 1974இன் 'ரொக்கத் தொகை'யும் முதன்முறையாக நேருக்குநேர் சந்தித்தது இங்கேதான். முன்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே வயல்களுக்காக ஏன் தொகை செலுத்தப்பட்டது என்ற கேள்விக்கு, உரிமையால் அன்று, நல்லெண்ணத்தால் என்று விடை கூற அச்சொல் இடம் தந்தது. 2010இல் கிளந்தானும் இதே பொருளில் வழக்காடத் தொடங்கியது. நெருக்கடிநிலைப் பிரகடனங்கள் 2011இல் விலக்கப்பட்டபின், மூன்று மைல் விதி மறையவில்லை. 2012ஆம் ஆண்டுக் கடல் எல்லைச் சட்டத்தில் மீண்டும் இடம்பெற்றது.

சரவாக்கின் சட்ட அலுவலர்கள் வேறு வழியைத் தேர்ந்தனர் என்பது நம் ஆய்வில் மிகவும் சுவையான பகுதி. நெடுங்காலம் மாநிலத் தலைமை வழக்குரைஞராக இருந்த ஜே. சி. ஃபோங், கூட்டாட்சி அரசமைப்பைப் பற்றி 2008இல் தனி நூலே எழுதியவர். அரசமைப்பின் மூலைமுடுக்குகளை அறிந்த ஒரு மரபு கூச்சிங்கில் உருவாகியிருந்தது. 2018 ஜூனில், பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டமே நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டம், தானே ஒரே ஒழுங்குமுறை அதிகாரி என அறிவிக்கக் கோரிப் பெட்ரோனாஸ் கூட்டரசு நீதிமன்றத்தை அணுகியது. 4ஆம் விதியின்கீழ்க் கோரிய அனுமதியை ஜூன் 22இல் நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் மறுத்தார். இவ்வினா உயர் நீதிமன்றத்தில் தொடுக்கத்தக்கது என்பதே காரணம். உடைமை யாருக்கு என்பதை அவர் தீர்க்கவில்லை.

சரவாக் அத்தோடு நிற்கவில்லை. உடைமையைப் பற்றி வாதாடுவதை விடுத்து, அரசமைப்பின் 95பி விதி சபா, சரவாக்குக்குத் தரும் விற்பனை வரி அதிகாரத்தைக் கையிலெடுத்தது. 2019 ஜனவரி 1 முதல் பெட்ரோலியப் பொருள்கள்மீது ஐந்து விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டது. இறையைக் கேட்டுக் கிடைக்காதபோது வரியாகவே விதித்துக்கொண்டனர் எனலாம். எண்ணெய் யாருடையதாயினும் அது விற்கப்படும்போது வரி உண்டு என்ற இவ்வாதத்தின் வலிமை, 2ஆம் பிரிவைத் தொடாமலேயே நிற்பதில் உள்ளது. 2020 மார்ச் 13இல் கூச்சிங் உயர் நீதிமன்றம் வரி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இருதரப்பும் உடன்பட்டன; 2019ஆம் ஆண்டுக்குரிய வரியாக இரண்டு பில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்தப் பெட்ரோனாஸ் இசைந்தது. திரங்கானுவுக்கும் கிளந்தானுக்கும் இவ்வழி இல்லை. 95பி விதியின் இப்பகுதி தீபகற்ப மாநிலங்களுக்கு உரியதன்று.

பின்னர் வாதம் எண்ணெயிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு நகர்ந்தது. 2016ஆம் ஆண்டுச் சரவாக் எரிவாயு விநியோகச் சட்டமும், 2017இல் மாநிலம் நிறுவிய பெட்ரோஸ் நிறுவனமும் இதன் கருவிகள். 2025 மே 21இல் பிரதமரும் சரவாக் பிரீமியரும் இதுபற்றிக் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். அதுவும், 4ஆம் பிரிவைப் போலவே, தரப்பினர் தமக்குள் உடன்பட்டதன்மேல் நிற்கும் ஆவணமே.