ஷெமென்: பூசும் எண்ணெயும் விற்கும் எண்ணெயும்

நீதிமொழிகள் 21ஆம் அதிகாரம் 17ஆம் வசனம், இன்பத்தை நேசிப்பவன் ஏழையாவான் என்கிறது. மதுவையும் எண்ணெயையும் நேசிப்பவன் செல்வம் சேர்க்கமாட்டான் என்கிறது. மது குடியைக் கெடுக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதை. எண்ணெய் அங்கே எப்படி வந்தது? பலகாரம் சுடவும் தலைக்குத் தேய்க்கவும் வாங்குகிற பொருளால் ஒரு குடும்பம் நொடித்துப்போகுமா? பிரசங்கிகள் பலரும் மதுவோடு நிறுத்திக்கொண்டு எண்ணெயைக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்த வசனத்தின் கனமே எண்ணெயில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

எபிரெய மூலத்தில் உள்ள சொல் ஷெமென். நம்முடைய ‘எண்ணெய்’ எள்ளில் பிறந்தது. எள்ளும் நெய்யும் சேர்ந்து உண்டான சொல், பிறகு எள்ளை மறந்துவிட்டுத் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று விரிந்து மண்ணெண்ணெய் வரை போய்விட்டது. கிரேக்கத்தின் எலாயோன், லத்தீனின் ஓலியம் இரண்டும் ஒலிவத்தின் பெயரில் பிறந்து அப்படியே பொதுப்பெயர் ஆனவை. ஆங்கிலத்தின் ‘ஆயில்’ அந்த வழியில் வந்ததுதான். ஷெமென் எந்தக் காயின் பெயரையும் சுமக்கவில்லை. அதன் வேர் கொழுமையைக் குறிப்பது. ஏசாயா 5ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டம் அமைந்த மேட்டை எபிரெயம் ‘ஷெமெனின் மகன்’ என்றே அழைக்கிறது; கொழுமையான மண் என்று பொருள். உபாகமம் 32இல், இஸ்ரவேல் கொழுத்துப்போய் உதைத்தான் என்று மோசேயின் பாட்டு குறைசொல்லும் இடத்தில் நிற்பதும் இதே வேரில் கிளைத்த வினைதான். விளைநிலத்தின் வளமும் மனிதனின் திமிரும் ஒரே வேரில். தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடம்பில் இருப்பதையும் கொழுப்பு என்கிறோம், பேச்சில் தெரிவதையும் கொழுப்பு என்கிறோம்.

தனியாக ஷெமென் என்றால் பெரும்பாலும் ஒலிவ எண்ணெய். ஒலிவமரம் மெதுவாக வளர்வது. ஓராண்டு கொட்டிக் கொடுத்தால் மறு ஆண்டு கையை விரித்துவிடும். காயை நசுக்கி வெந்நீர் ஊற்றினால் முதலில் மிதந்து வருவது உயர்ந்த எண்ணெய். அதை வழித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய சக்கையைக் கூடைகளில் அடுக்கி, நீண்ட மரத்தின் நுனியில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டுப் பிழிந்தால் அடுத்த தரம் கிடைக்கும். பிழியும் ஆலைக்கு எபிரெயத்தில் ‘கத் ஷெமானீம்’ என்று பெயர். கெத்செமனே என்று நாம் அறிந்த தோட்டத்தின் பெயர் அதுவே. ஜாடியில் அடைத்து வைத்த எண்ணெய் அடுத்த விளைச்சல் வரை தாங்கும். கோதுமையாக மாறும், கடனுக்கு ஈடாகும். கோவில் கட்ட மரம் கொடுத்த தீரு அரசன் ஹீராமுக்கு சாலொமோன் ஆண்டுதோறும் அனுப்பியது கோதுமையும் எண்ணெயும். அந்த மலைநாட்டு உழவனுக்கு எண்ணெய்தான் சேமிப்பு.

அதே எண்ணெய் உடம்புக்கும் போனது. விருந்தாளியின் தலையில் எண்ணெய் பூசுவது உபசாரம். துக்கம் காப்பவர்கள் எண்ணெய் தொடமாட்டார்கள். தெக்கோவா ஊர்ப் பெண்ணை தாவீதிடம் துக்க வேடத்தில் அனுப்பிய யோவாப், எண்ணெய் பூசாமல் போ என்று சொல்லி அனுப்பினான். தீபாவளிக் காலையின் எண்ணெய்க் குளியலை அறிந்த நமக்கு இது அந்நியமானதல்ல. பளபளக்கும் தோல் கொண்டாட்டத்தின் அடையாளம்.

வசனத்தின் முதல் பாதியில் இன்பத்துக்கு நிற்கும் சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். அது சிம்ஹா: மகிழ்ச்சி, விழா. இன்றும் யூதர்கள் கல்யாணத்தையும் பிள்ளை பிறந்த விழாவையும் சிம்ஹா என்றே சொல்கிறார்கள். நம் பழைய வேதாகமம் இந்த இடத்தில் ‘சிற்றின்பம்’ என்று எழுதியது. தமிழில் அந்தச் சொல் பேரின்பத்துக்கு எதிரே நிற்பது. கேட்டவுடன் காமத்தை நினைவூட்டுவது. ஒழுக்கமுள்ள குடும்பஸ்தன் அதைப் படித்துவிட்டு, இது எனக்கல்ல என்று நிம்மதியாக அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். மூலம் அவனைத்தான் பிடித்து நிறுத்துகிறது. கடன் வாங்கி மண்டபம் பிடித்து, ஊர் மெச்ச விருந்து வைப்பவனைப் பற்றிய வசனம் இது. ‘கொண்டாட்டம்’ என்று போட்டிருந்தால் நிறையப் பேருக்கு உறைத்திருக்கும்.

கொண்டாட்டம் கெட்டது என்பதா வசனம்? இல்லை. சங்கீதம் 104இன் 15ஆம் வசனத்தில் இதே மூன்றும் வருகின்றன: மது, அது தரும் மகிழ்ச்சி, முகத்தை மினுக்கும் எண்ணெய். அங்கே அவை கடவுளின் கொடை. உடலைத் தாங்கும் அப்பம் பக்கத்தில் இருக்கிறது. நீதிமொழியில் அப்பம் இல்லை. ‘நேசிக்கிறவன்’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது. விளைச்சலாகப் பேசும்போது எபிரெயம் திராட்சரசத்தைத் தீரோஷ் என்றும் எண்ணெயை இட்ஸ்ஹார் என்றும் பெரும்பாலும் தானியத்தோடு சேர்த்துச் சொல்லும். நீதிமொழிகள் 3இல் ஆலையில் பொங்கி வழிவது தீரோஷ். 21இல் இருப்பவையோ யாயின், ஷெமென்: கிண்ணத்துக்கும் தோலுக்கும் வந்துவிட்ட நிலை. வயலை நேசித்தவனைப் பற்றி இந்த வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சோடியை மண்ணுக்குள்ளிருந்தே எடுத்திருக்கிறார்கள். 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக ஜார்ஜ் ரைஸ்னர் பழைய இஸ்ரவேல் அரசின் தலைநகரான சமாரியாவில் அகழ்ந்தபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் சுமார் நூறு கிடைத்தன, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சீட்டு: அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருக்கு, என்ன. அந்த ‘என்ன’ பெரும்பாலும் இரண்டே பொருள்: ஒரு ஜாடி ‘யாயின் யாஷான்’, அதாவது பழைய மது, அல்லது ஒரு ஜாடி ‘ஷெமென் ரஹூட்ஸ்’, கழுவிய எண்ணெய். வெந்நீரில் மிதக்கவிட்டு எடுத்த உயர்ந்த எண்ணெயே இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓடுகளில் உள்ள பகுதிப் பெயர்களில் நோவாள், ஒக்லாள் இரண்டும் உண்டு. எண்ணாகமம் 27இல் தங்கள் தகப்பனின் நிலத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் வந்து நின்ற செலொப்பியாத்தின் மகள்களின் பெயர்கள் அவை. போராடிப் பெற்ற நிலத்தின் பெயர், தலைநகரத்து மேன்மக்களுக்கு மதுவும் எண்ணெயும் போய்ச் சேர்ந்த சீட்டில்.

அதே நூற்றாண்டில், அதே நகரத்துக்கு எதிராகத்தான் தீர்க்கதரிசி ஆமோஸ் பேசினார். தந்தக் கட்டில்களில் சாய்ந்து, கிண்ணம் கிண்ணமாக மது குடித்து, முதல்தர எண்ணெய் பூசிக்கொள்பவர்கள் என்று 6ஆம் அதிகாரத்தில் சாடுகிறார். 1930களின் அகழாய்வில் தந்தச் சிற்ப வேலைப்பாடுகள் நூற்றுக்கணக்கில் அங்கே வெளிவந்தன. ஏழைகளை ஒரு சோடு செருப்புக்கு விற்றார்கள் என்பதும் ஆமோஸின் குற்றச்சாட்டுதான். நீதிமொழி, எண்ணெயை நேசித்தவன் ஏழையாவான் என்றது. சமாரியாவில் அந்த ஏழ்மை முதலில் வந்து சேர்ந்தது எண்ணெயை ஆட்டிக் கொடுத்தவன் வீட்டுக்கு. நேசித்தவர்களின் முறை கி.மு. 722 வாக்கில், அசீரியப் படையோடு வந்தது.

வசனம் வறுமைக்கு வைத்த சொல் மஹ்சோர்: குறைவு, இல்லாமை. 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனை உடையவனுக்கு இல்லை என்று சொல்லப்படுவது இந்த வேரில் வரும் குறைவுதான். தலையில் எண்ணெய் பூசப்படுவதும் அதே சங்கீதத்தில். நீதிமொழியின் அதே அதிகாரத்தில், மூன்று வசனம் தள்ளி, எண்ணெய் திரும்பவும் வருகிறது. இந்த முறை அது ஞானியின் வீட்டில் இருப்பாக இருக்கிறது. மூடன் அதை விழுங்கிவிடுகிறான்.

இருப்பு என்றால் என்ன என்பதை 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்து விதவை அறிவாள். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான். வீட்டில் மிஞ்சியது ஓர் ‘ஆசூக்’ எண்ணெய். பூசுதல் என்ற வினையிலிருந்து வந்த பாத்திரப் பெயர் அது. உடம்பில் பூச வைத்திருந்த எண்ணெய் என்று தோன்றுகிறது. அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றச் சொன்னார் தீர்க்கதரிசி எலிசா. பாத்திரங்கள் தீரும்வரை எண்ணெய் தீரவில்லை. அற்புதம் முடிந்ததும் அவர் அவளிடம் சொன்னது கணக்கு: எண்ணெயை விற்று, கடனை அடைத்து, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள்.