பரோடா ரயில் ஒன்பது மணிக்கு

எங்கள் சேரியிலிருந்து முதன்முதலாக ஒரு பையன் இங்கிலாந்துக்குப் போய் ஓராண்டு முதுகலை படித்தான். எனக்குத் தம்பி முறை. ஊர் திரும்பப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி போன் பண்ணினான். "அண்ணே, ஒரு வருஷமா ஒருத்தனும் நீ என்ன ஆளுன்னு கேக்கல. நெறத்தப் பாத்து மொறைச்சவன் இருக்கான். ஆனா எந்தத் தெருன்னு கேட்டவன் இல்ல. நம்ம நாட்டுக்காரனுங்க பக்கம் போகாத வரைக்கும் நான் மனுசன்தான். திரும்பி வரத்தான் வேணுமாண்ணே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "வா, நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். தூக்கமும் வரவில்லை. எழுந்து பாபாசாகேப் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வை எடுத்தேன். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல் சிறு நூலாக வந்தது. அவர் வாங்கிய பட்டங்களை நாம் மூச்சுவிடாமல் வரிசையாகச் சொல்லுவோம். கோட்டு சூட்டோடு சிலை வைப்போம். அந்தக் கோட்டோடு அவர் ஊர் திரும்பியபோது என்ன நடந்தது என்பதை மேடையில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன். சும்மா கொடுத்ததில்லை. படித்து முடித்ததும் பத்தாண்டு பரோடா அரசில் வேலை பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு. 1916 மே மாதம் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படி உண்டாயின என்று கட்டுரை வாசித்தார். (இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 2022இல் ஒன்றிய அரசு ஒரு விதி சேர்த்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அந்தத் தொகை கிடையாது. அதே தலைப்போடு அம்பேத்கரே விண்ணப்பித்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.)

1916 அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். சட்டப் படிப்புக்கு கிரேஸ் இன்னில் பதிந்தார். ஓராண்டு முடிவதற்குள் உதவித்தொகை நின்றுபோனது. பாதிப் படிப்பில் கிளம்பவேண்டியதாயிற்று. நான்காண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் கையில் வாங்கிக்கொண்டார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். மார்செய் துறைமுகத்தில் 'கைசர்-இ-ஹிந்த்' கப்பல் ஏறினார். மூட்டை முடிச்சுகளும் புத்தகங்களும் வேறு கப்பலில் போயின. அந்தக் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடித்தார்கள். 1917 ஆகஸ்ட் 21ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். தொலைந்த சாமான்களுக்கு ஈடாக தாமஸ் குக் கம்பெனி கொடுத்த 600 ரூபாயிலிருந்துதான் பரோடா போக வழிச்செலவுக்கே எடுத்தார் என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பேசியவர்கள் நாட்டில் நிறையப்பேர். 1888இல் லண்டன் புறப்பட்ட காந்தியை அவருடைய பனியா சாதியார் தள்ளிவைத்தார்கள். 1891இல் திரும்பியபோது அண்ணன் அவரை நாசிக்கில் ஆற்றில் குளிக்கவைத்து, ராஜ்கோட்டில் சாதி விருந்தும் போட்டார். ஒரு முழுக்கு, ஒரு விருந்து, உள்ளே வந்துவிடலாம். நம்மாளுக்கு எந்த ஆற்றில் முழுக்கு? கடல் தாண்டினால் சாதி போகும் என்பது உண்மையாயிருந்தால் அவருக்கல்லவா முதலில் போயிருக்கவேண்டும்? அங்கே இருந்தவரைக்கும் போய்த்தான் இருந்தது. தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே அயல்நாட்டு வாழ்க்கை அழித்துவிட்டது என்று அவரே எழுதுகிறார். பரோடா ஸ்டேஷனில் இறங்கி, எங்கே போவது, யார் சேர்ப்பார்கள் என்று யோசித்த நிமிஷத்தில் அது திரும்பி வந்தது.

இந்து விடுதியில் பேரை மாற்றிச் சொல்லித் தங்கலாம். கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பார்சி விடுதிக்குப் போனார். பார்சிகள் அணியும் சத்ராவும் கஸ்தியும் உடம்பில் இல்லை என்று பார்த்ததும் காவல்காரர் யார் நீ என்றார். கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர். சாப்பாட்டோடு நாளுக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் வேறு ஆளில்லை. உடைந்த நாற்காலியும் பெஞ்சும் குவிந்த கூடம், வௌவால்கள், ஒரு சின்ன அரிக்கேன் விளக்கு. பகலில் அரசு அலுவலகம். அங்கே சிப்பந்திகள் கோப்பைத் தூரத்திலிருந்தே மேஜையில் எறிந்தார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பதினோராம் நாள் காலை. இரவல் வாங்கிய புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் காலடிச் சத்தம். தடியோடு ஒரு டஜன் பார்சிகள். யார் நீ? இந்து என்றார். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றார்கள். (இந்த ஊர் திரும்பலைத் தன் நினைவிலிருந்து எழுதும்போது 1918 என்கிறார். 1917தான் சரி. ஆண்டு தப்பியிருக்கிறது, கையிலிருந்த புத்தகம் தப்பவில்லை.)

இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்கவேண்டும் என்றார். புருஷன் பெண்டாட்டி இரண்டுபேருமே பார்ப்பனக் குடும்பத்திலிருந்து மதம் மாறி வந்தவர்கள். மதம் மாறியும் சாதி மாறவில்லை. பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை காமாத்தி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அதற்குச் சாயாஜி பாக் என்று பெயர். எட்டு மணிக்கு வண்டி பிடித்து விடுதிக்கு வந்து சாமான்களை இறக்கினார். காவல்காரர் வெளியே வந்தார். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

பரோடாவில் அவரை வழியனுப்ப வந்த ஒரே மனிதர் அந்தக் காவல்காரர்தான். பேர் தெரியாது. நான் இந்த இடத்தில் எப்போதும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

பிறகு பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜா உதவி, பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் என்று சேர்த்து 1920 ஜூலையில் மறுபடி லண்டனுக்குக் கப்பலேறினார். பார்சி தடியோடும் வந்தார், கடனோடும் வந்தார். 1923 ஏப்ரலில் திரும்பி வந்தபோது பாரிஸ்டர். இந்தமுறை எந்த மன்னருக்கும் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இல்லை. நான்காண்டு கழித்து 1927இல் மகாத் குளம்.

தம்பி வந்துவிட்டான். விமான நிலையத்தில் சின்னம்மா அவனைக் கட்டிப்பிடித்து, "எளச்சிட்டியேடா" என்று அழுதுச்சு. இப்போது சென்னையில் வேலை. அவனுக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் மூன்றாவது வீடு. அந்தம்மா, லண்டன்ல படிச்ச பிள்ளையா என்று காபி கொடுத்தார். கறி, மீன் சமைப்பீங்களா என்றார். சொந்த ஊர் எது என்றார். ஊர்ல எந்தப் பக்கம் என்றார். தம்பி என்னைப் பார்த்தான். ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொள்வோமா என்று நான் யோசிப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"அம்பேத்கர் தெருங்க."

வர்ற ஞாயிற்றுக்கிழமை நாலாவது வீடு பார்க்கப் போகிறோம்.