105-ஆம் தெருவோடு நிற்கும் ரயில்

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், மேற்குப் பக்கமாக, 116-ஆம் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் கிழக்கு ஹார்லெம். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் கறுப்பின மக்களும் நெருக்கமாக வாழும் உழைக்கும் மக்களின் பகுதி. அங்கே இரண்டாம் அவென்யூ என்ற சாலைக்கு அடியில், 110-ஆம் தெருவிலிருந்து 120-ஆம் தெரு வரை, 1970-களில் தோண்டிய ஒரு ரயில் சுரங்கம் இருக்கிறது. அதில் இதுவரை ஒரு ரயில்கூட ஓடியதில்லை.

இந்தப் பாதைக்கான ஆய்வு தொடங்கியது 1919-இல். 1929-இல் நகர நிர்வாகம் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது. பணமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். இதுவரை சாதாரணக் கதைதான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். இரண்டாம் அவென்யூவிலும் மூன்றாம் அவென்யூவிலும் இரும்புத் தூண்களின் மேல் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம், இருட்டு, தூசி எல்லாம் உண்டு. ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கால். சுரங்க ரயில் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் முதல் பாதையை 1942-க்குள் மூடினார்கள். இரண்டாவதை 1955-இல் மூடினார்கள். தூண்கள் போனதும் வெளிச்சம் வந்தது, நிலத்தின் விலை ஏறியது, அடுக்குமாடிகள் எழுந்தன. சுரங்க ரயில் மட்டும் வரவில்லை. தீவின் கிழக்குப் பக்கம் முழுவதற்கும் லெக்சிங்டன் அவென்யூ சுரங்கப் பாதை ஒன்றுதான் மிஞ்சியது.

இதற்கிடையில் 1951-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி 50 கோடி டாலர் கடன் திரட்ட ஒப்புதல் வாங்கினார்கள். பெரும்பகுதி இந்தப் பாதைக்கு என்றுதான் பேச்சு. பணம் பழைய பாதைகளைச் சீரமைக்கப் போய்விட்டது. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதி வேறு தலைப்புகளுக்குத் திரும்புவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. 1967-இல் மறுபடியும் வாக்கெடுப்பு, மறுபடியும் ஒப்புதல்.

அந்த ஆண்டுகளில் கிழக்கு ஹார்லெம் எப்படி இருந்தது? 1969 கோடையில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பினர், நகராட்சி அள்ளாமல் விட்ட குப்பையைத் தாங்களே கூட்டிப் பெருக்கி, மூன்றாம் அவென்யூவின் நடுவில் குவித்துத் தீ வைத்தார்கள். குப்பையை அள்ளவே போராட வேண்டியிருந்த இடம் அது. அங்கேதான் 1972 அக்டோபர் 27 அன்று, 103-ஆம் தெருவில், ஆளுநர் ராக்கஃபெல்லரும் மேயர் லிண்ட்சேயும் அடிக்கல் விழா நடத்தினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1975-இல், நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. வேலை நின்றது. துண்டு துண்டாகத் தோண்டிய சுரங்கங்களை மூடி வைத்தார்கள்.

மறுபடி உயிர் வந்தபோது திட்டத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் 63-ஆம் தெருவிலிருந்து 96-ஆம் தெரு வரை. 96-ஆம் தெரு என்பது நகரத்து மக்கள் அனைவரும் அறிந்த எல்லைக்கோடு. அதற்குத் தெற்கே அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் வாழும் பகுதி. வடக்கே கிழக்கு ஹார்லெம். இன்னொரு ரயில் பாதையைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பார்க் அவென்யூவில் புறநகர் ரயில்கள் பணக்காரர் வீடுகளுக்கு முன்னால் பூமிக்கடியில் ஓடுகின்றன. 97-ஆம் தெருவில் வெளியே வந்து, ஏழைகளின் ஜன்னலோரமாகத் தலைக்கு மேலே போகின்றன.

முதல் கட்டத்தைத் தெற்கே தொடங்கியதற்குப் பொறியாளர்களிடம் பதில் இருக்கிறது: 63-ஆம் தெருவில் ஏற்கெனவே உள்ள பாதையோடு இணைத்தால் உடனே ரயிலை ஓட்டலாம். பொய்யில்லை. 1929-இல் பங்குச்சந்தை, 1975-இல் திவால், பிறகு இணைப்பு வசதி. ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஒரு சதிகாரனைத் தேடினால் கிடைக்க மாட்டான். சமூகவியல் வகுப்பில் 'அமைப்புசார் பாகுபாடு' என்று படித்தோமே, அது நடைமுறையில் இப்படித்தான் வேலை செய்கிறது. காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, காத்திருப்பவர்கள் மாறுவதில்லை.

2017 ஜனவரி 1 அன்று, சுமார் 445 கோடி டாலர் செலவில், மூன்று புதிய நிலையங்களுடன் முதல் கட்டம் திறக்கப்பட்டது. பயணிகளுக்கு 96-ஆம் தெருவோடு பாதை முடிகிறது. ஆனால் தண்டவாளம் முடியவில்லை. 1970-களில் தோண்டிய பழைய சுரங்கத்தின் வழியாக 105-ஆம் தெரு வரை போகிறது, ரயில்களை நிறுத்தி வைப்பதற்காக. கிழக்கு ஹார்லெம் மக்களின் காலுக்கடியில் காலி ரயில் நிற்கிறது. மேலே அவர்கள் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

இரண்டாம் கட்டம் 125-ஆம் தெரு வரை நீள வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசு 340 கோடி டாலர் தர ஒப்பந்தமிட்டது. 2024 ஜூனில் மாநில ஆளுநர், இந்த வேலைக்கும் பணம் தரவிருந்த வாகன நெரிசல் கட்டணத்தை நிறுத்தி வைத்தார். கார் வைத்திருப்பவர்களுக்குச் சுமை என்றார். கிழக்கு ஹார்லெமில் பெரும்பாலான வீடுகளில் கார் கிடையாது. சுரங்க வேலை மீண்டும் நின்றது. கட்டணம் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போதைய வரைபடத்தில் அங்கே மூன்று நிலையங்கள்: 106, 116, 125-ஆம் தெருக்கள். 1972-இல் அடிக்கல் விழா நடந்த 103-ஆம் தெருவுக்கு நிலையம் இல்லை.